ரோம், தெர்மினி பக்கம் இரண்டு நட்சத்திர ஹோட்டல்: அம்மா அப்பாவுடன் தங்கலாமா?

பூவரசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் அம்மாவையும் அப்பாவையும் ரோமுக்கு அழைத்துப் போகிறேன். விமான டிக்கெட்டிலேயே பெரும் பணம் போய்விட்டது, அதனால் தங்குமிடத்தில்தான் கையை இறுக்க வேண்டியிருக்கிறது. தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வியா ஜொலித்தியிலிருந்து பிரிந்து போகும் ஒரு தெருவில் இரண்டு நட்சத்திர ஹோட்டல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று கட்டில் போட்ட அறை, ஒரு இரவுக்கு 120 யூரோ, குளியலறை உள்ளேயே, காலை உணவும் சேர்த்து. நவோனா சதுக்கம், பாந்தியோன் பக்கமெல்லாம் தேடினால் இதைப்போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள்.

என்னைக் குழப்புவது விமர்சனங்கள்தான். ஒருவர் "இவ்வளவு சுத்தமான இடம் பார்த்ததே இல்லை" என்கிறார், அடுத்தவர் "ஜெயில் தேவலாம்" என்கிறார், இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தங்கியவர்கள். ஹோட்டல் நான்காவது மாடியில் என்று போட்டிருக்கிறது. ஒரு ஹோட்டல் எப்படி நான்காவது மாடியில் மட்டும் இருக்கும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏற முடியாது. அப்பா விடிவதற்கு முன்னால் எழுந்து டீ கேட்பார். இதில் தெரிந்த ஒருவர் வேறு, அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், போனதும் தனியாக ஒரு வரி கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார். தங்கியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நடைவண்டி:

நான்காவது மாடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தெர்மினியைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரோம் தலைநகரான பிறகு கட்டிய ஐந்து ஆறு மாடிக் குடியிருப்புக் கட்டடங்கள். ஒரே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஹோட்டல், மூன்றாவதில் ஒரு வக்கீல் ஆபீஸ், நான்காவதில் இன்னொரு ஹோட்டல், நடுவே குடும்பங்களும் இருக்கும். தெருவில் பெரிய மரக்கதவு, பக்கத்தில் பித்தளைப் பலகை, அதில் வரிசையாகப் பொத்தான்கள். உங்கள் ஹோட்டல் பெயரைத் தேடி அழுத்தினால் மேலிருந்து கதவைத் திறந்து விடுவார்கள். வாசலில் பெரிய பெயர்ப் பலகையை எதிர்பார்த்தால் அதே தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டு மேலும் கீழும் நடக்க வேண்டியதுதான்.

அங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கூரையும் உயரம். ஆக நான்காவது மாடி என்பது நீங்கள் நினைப்பதைவிட உயரத்தில் இருக்கும். லிஃப்ட் இருக்கும், ஆனால் அது படிக்கட்டின் நடுவே பின்னால் செருகிய இரும்புக் கூண்டு. வெளியே ஒரு கிராதிக் கதவு, உள்ளே இரண்டு சிறிய மரக்கதவுகள், எல்லாவற்றையும் நாமே கையால் சாத்த வேண்டும். மேலே யாராவது சரியாகச் சாத்தாமல் போய்விட்டால் நீங்கள் கீழே நின்று பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அது அசையாது. பெரியவர்கள் இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடம் இருக்காது. முதலில் அம்மா அப்பாவை அனுப்புங்கள், பெட்டிகளோடு நீங்கள் அடுத்த நடை போங்கள்.

ஆனால் லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள், லிஃப்ட் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்றும் கேளுங்கள். பல கட்டடங்களில் வாசலிலிருந்து பத்துப் பன்னிரண்டு படி ஏறிய பிறகுதான் லிஃப்டே வரும். இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

விமர்சனம் இரண்டு விதமாக இருப்பதற்கும் காரணம் கட்டடம்தான். தெருவைப் பார்த்த அறையும் உள்முற்றத்தைப் பார்த்த அறையும் ஒரே விலைக்குத்தான் போகும். தெருப்பக்கம் வெளிச்சம் வரும், கூடவே இரவு ஒரு மணிக்குக் குப்பை லாரி, பேருந்து, குடித்துவிட்டுப் பாடுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். முற்றத்துப் பக்கம் அமைதி, ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியும்தான். ஜெயில் என்றவருக்கு முற்றத்து அறை கிடைத்திருக்கும். பெரியவர்களோடு போனால் நான் முற்றத்து அறையையே கேட்டு வாங்குவேன், வெளிச்சத்தை வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வடகிழக்கு:

எல்லோரும் தெர்மினி தெர்மினி என்று ஏன் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வியா ஜொலித்திப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பெண் பெற்றோருடன் நடந்து வருவது அவ்வளவு சுகமாக இருக்காது. பெரிதாக ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடைபாதையில் படுத்திருப்பவர்கள், சிகரெட் கேட்டுப் பின்னால் வருபவர்கள், ரயில் நிலையச் சுவரை ஒட்டி அடிக்கும் மூத்திர நாற்றம், இதெல்லாம் முதல் நாளே அம்மாவின் மனதைக் கெடுத்துவிடும்.

தெர்மினிதான் வேண்டும் என்றால் நிலையத்தின் மறுபக்கம், வியா மார்சாலாவுக்கு அந்தப் புறம் காஸ்த்ரோ பிரெத்தோரியோ வரை பாருங்கள், கொஞ்சம் ஒழுங்கான தெருக்கள். இல்லையென்றால் மெட்ரோ ஏ தடத்தில் சான் ஜொவான்னி, தெர்மினியிலிருந்து மூன்றாவது நிறுத்தம்தான். ரோம்காரர்கள் குடியிருக்கும் இடம், பேக்கரி, காய்கறிக் கடை எல்லாம் அவர்கள் விலைக்கே கிடைக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் ரோமில் நிறைய. எந்த மதத்தவரும் தங்கலாம். அறையில் கட்டில், மேஜை, சுவரில் ஒரு சிலுவை, அவ்வளவுதான், டிவிகூட இருக்காது. ஆனால் தரை பளபளவென்று இருக்கும், சத்தமே இருக்காது, பெரிய கட்டடம் என்பதால் லிஃப்டும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். பல இல்லங்களில் இரவு பதினொரு மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

நடைவண்டி:

வடகிழக்கு சொல்வதில் பாதி சரி. கன்னியர் இல்லம் நல்ல யோசனை, கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் முழங்கால் வலிக்காரரை சான் ஜொவான்னியில் தங்கவைத்தால் தினமும் மெட்ரோவுக்கு இறங்கி ஏற வேண்டும், ரோம் மெட்ரோவில் நகரும் படிக்கட்டு வேலை செய்யும் நாளும் உண்டு, செய்யாத நாளும் உண்டு. தெர்மினியில் தங்கினால் வெளியே வந்ததும் பேருந்து நிலையம், ஏ, பி மெட்ரோ தடங்கள் இரண்டும் அங்கேதான் வெட்டிக்கொள்கின்றன, கொலோசியத்துக்கு பி தடத்தில் இரண்டே நிறுத்தம். சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயம் மெதுவாக நடந்தாலே எட்டிவிடும், 2025இல் இறந்த போப் பிரான்சிஸை அடக்கம் செய்ததும் அங்கேதான். மதியம் திரும்பி வந்து அம்மா ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம் பாருங்கள், பெரியவர்களோடு போகும் பயணத்தில் அதற்கு ஈடே இல்லை. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

64ஆம் எண் பேருந்தில் வத்திக்கான் போனால் மட்டும் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தடத்துப் பிக்பாக்கெட்டுகள் ஊரறிந்தவர்கள்.

பலெர்மோத் தமிழன்:

வணக்கம் தங்கச்சி. நான் இருப்பது இத்தாலியின் தெற்கே பலெர்மோவில், சொந்தக்காரர் வரும்போதெல்லாம் ரோமுக்குப் போய்க் கூட்டி வருவதால் இந்த ஹொட்டேல்கள் பழக்கம். பாஸ்போட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இத்தாலியில் தங்க வருகிற ஒவ்வொருவரின் விபரத்தையும் ஹொட்டேல்காரர் 24 மணி நேரத்துக்குள் பொலிசுக்குப் பதிய வேண்டும், அது சட்டம், இத்தாலிக்காரர் தங்கினாலும் அடையாள அட்டை கேட்பார்கள். பதிந்து முடிந்ததும் திருப்பித் தருவார்கள். ஆட்கள் வரிசையில் நின்றால் "பிறகு வந்து வாங்குங்கோ" என்று வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டே, நாங்கள் இங்கேயே இருக்கிறோம், முடித்துத் தாருங்கள் என்று சொல்லி அந்தக் கதிரையில் இருந்துவிடுங்கள். பத்து நிமிசத்தில் கைக்கு வந்துவிடும்.

வரியும் உண்மைதான். நகராட்சிக்குப் போகிற வரி அது, ஹொட்டேல்காரருக்கு இல்லை. ரோமில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஒரு நட்சத்திரம் என்றால் 4 யூரோ, இரண்டுக்கு 5, மூன்றுக்கு 6. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இல்லை, பத்து இரவுக்கு மேல் எடுக்கவும் மாட்டார்கள். உங்கள் மூன்று பேருக்கு ஒரு இரவுக்கு 15 யூரோ கூடும், ஆக 120 என்பதை 135 என்று நினைத்துத்தான் மற்ற இடங்களோடு ஒப்பிட வேண்டும். சின்ன ஹொட்டேல்களில் இதைக் காசாகத்தான் கேட்பார்கள், கையில் யூரோ வைத்திருங்கள், பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆரும் சொல்லாத ஒன்று. அக்டோபர் கடைசியில் அறையில் ஹீற்றர் வேலை செய்யாது. பழுது என்று நினைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். கட்டடத்துக்குப் பொதுவான வெப்பத்தை எந்தத் திகதியில் போடலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. ரோமில் நவம்பர் 1 தொடங்கி ஏப்ரல் 15 வரை, அதுவும் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம்தான். மிலான் என்றால் குளிர் கூட, அங்கே அக்டோபர் 15 இலேயே தொடங்கலாம். ரோமில் பகலில் வெயில் நன்றாக இருக்கும், இரவில் அந்தக் கல்லுத் தரை குளிர்ந்துவிடும். அலுமாரியின் மேல் தட்டில் கம்பளி மடித்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் போன உடனேயே கேளுங்கள், இரவு பதினொரு மணிக்குக் கேட்டால் ஆள் இருக்காது. அம்மாவுக்குக் காலுறை கொண்டு போங்கோ.

குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். லைட்டுக்கு என்று நினைத்து இழுக்க வேண்டாம் என்று அப்பாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். விழுந்தால் உதவிக்கு அழைக்கிற மணி அது. என்னுடைய மாமா விடிய நாலு மணிக்கு இழுத்து முழு மாடியையும் எழுப்பினவர்.

பூவரசு:

அண்ணா, கயிறு விஷயத்துக்கே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், அப்பா நிச்சயம் இழுத்திருப்பார். வரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் சில கேள்விகள், கொஞ்சம் அல்பமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா? அம்மாவின் முதல் கேள்வியே அதுதான். அறையில் கெட்டில் இருக்குமா? அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார், காலை உணவு சேர்த்து என்றால் அதில் அவருக்கு என்ன கிடைக்கும்? விமான நிலையத்திலிருந்து ரயிலில் வருவதா, டாக்சியா? அப்புறம் நேற்று ஒரு செய்தி வந்தது, உங்கள் கார்டை மறுபடி உறுதிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று. பதிவு எண், தேதி எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஹோட்டலிலிருந்துதான் வந்ததா?

சுண்டெலி:

அந்தச் செய்தியில் இருக்கும் சுட்டியைத் தொடாதீர்கள்!! ஹோட்டல்காரரின் கணினியில் புகுந்து, அங்கிருந்து பதிவு விவரங்களை எடுத்து அனுப்பும் மோசடி அது, அதனால்தான் தேதி எல்லாம் சரியாக இருக்கும். ஹோட்டலின் சொந்தத் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து நேரடியாகக் கேளுங்கள். செய்தியிலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்கு அழைத்தால் அழகாகப் பேசி உறுதிசெய்துவிடுவார்கள், அவர்களும் திருடர்களே.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் ஹோட்டலோ வாடகை அறையோ எதுவாக இருந்தாலும் தேசிய அடையாளக் குறியீடு ஒன்று வாங்கி, விளம்பரத்தில் போட வேண்டும், கட்டட வாசலிலும் ஒட்ட வேண்டும். இணையப் பக்கத்தில் கீழே போய்ப் பார்த்தால் IT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீளக் குறியீடு இருக்கும். அது இல்லாத இடத்தை நான் திரும்பியே பார்க்க மாட்டேன்.

நான் தங்கிய இடத்தைப் பற்றியும் புலம்பிக்கொள்கிறேன், பெயர் வேண்டாம். பதிவு செய்தது ஒரு ஹோட்டலில். போய் நின்றால், இங்கே அறை இல்லை, எங்களுடைய இன்னொரு கட்டடத்தில் போட்டிருக்கிறோம் என்று சாவியைக் கொடுத்தார்கள். அந்த இன்னொரு கட்டடம் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வரவேற்பில் ஆளும் கிடையாது. காலை உணவுக்கு மட்டும் தினமும் முதல் கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். பதிவின் கடைசி வரிகளில் 'துணைக் கட்டடத்தில் அறை ஒதுக்கப்படலாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்படி நடந்தால் அன்றோடு பயணமே முடிந்துவிடும், அதனால் அறை அதே கட்டடத்தில் அதே மாடியில்தான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

நடைவண்டி:

சுண்டெலி சொன்ன துணைக் கட்டட விஷயம் அங்கே சர்வ சாதாரணம், கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர்: இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பாவில் இத்தாலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக் குளியலறையில் பிடே இருக்க வேண்டும் என்று 1975இலேயே ஆணை போட்ட நாடு அது. கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் தாழ்வாக இன்னொரு பீங்கான், அதில் வெந்நீர், தண்ணீர் இரண்டும் வரும். மலிவு ஹோட்டலிலும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அலமாரி அளவுக் குளியலறையைப் பின்னால் தடுத்துக் கட்டிய அறைகளில் இருக்காது. படத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்னக் குவளை எடுத்துப் போங்கள். ஷவர் பெட்டி ரொம்பச் சின்னது, சோப்பு கீழே விழுந்தால் குனிய முடியாது, கதவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அம்மா கால் வைக்கும் இடத்தில் உயரமான விளிம்பு இருக்கும், அதைக் கவனியுங்கள்.

கெட்டில் இருக்காது. சிறிய பயணக் கெட்டில் கொண்டு போகலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் பல ஹோட்டல்களில் அறைக்குள் சூடாக்கும் எதையும் மின்சாரத்தில் போடக்கூடாது என்று எழுதியே ஒட்டியிருப்பார்கள், பழைய வயரிங் தாங்காது, ஃபியூஸ் போனால் மாடி முழுக்க இருட்டு. மின்னழுத்தம் நமக்குப் பழகிய 230 வோல்ட்தான், போன் சார்ஜரின் இரண்டு முள் செருகி பெரும்பாலும் அப்படியே நுழையும், மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும். அப்பாவுக்கு விடிகாலை டீ என்றால் ஒரு ஃபிளாஸ்க் கொண்டு போங்கள், இரவு படுக்கும் முன் பக்கத்து பாரில் வெந்நீர் நிரப்பித் தரச் சொல்லுங்கள். பார் என்றதும் அப்பா பதற வேண்டாம், அங்கே பார் என்பது காப்பிக் கடை, ஆறு மணிக்கெல்லாம் திறந்துவிடும். ரயில் நிலையப் பக்கத்துக் கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை எடுத்துப்போய்க் காப்பி போடுபவரிடம் காட்ட வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னொரு விலை, சதுக்கத்தைப் பார்த்த நாற்காலி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹோட்டலின் காலை உணவை நம்பாதீர்கள். உறைபோட்ட ரஸ்க், சின்ன டப்பாவில் ஜாம், கொர்னெத்தோ என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டி, இயந்திரக் காப்பி, அவ்வளவுதான், எல்லாமே இனிப்பு. கொர்னெத்தோவில் முட்டை சேரும், அம்மாவுக்கு ரஸ்க்கும் ஜாமும் பழமும்தான். காலை உணவு இல்லாமல் விலை குறைகிறதா என்று கேளுங்கள். மதியத்துக்கு எடைபோட்டு வெட்டித் தரும் பீத்சாக் கடைகள் எல்லாத் தெருவிலும் உண்டு, கத்தி வைக்கும் இடத்தைக் கையால் காட்டினால் போதும். உருளைக்கிழங்கு போட்டது, சீமைச்சுரைக்காய் போட்டது, வெறும் தக்காளி போட்டது எல்லாம் இருக்கும். பொரித்த சோற்று உருண்டை ஒன்று அழகாக அடுக்கியிருப்பார்கள், சுப்ளி என்று பெயர், பார்த்ததும் ஆசை வரும், பெரும்பாலும் உள்ளே இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்குவிலினோ சந்தை இருக்கிறது, பழைய ராணுவக் குடியிருப்புக்குள் நடப்பது. பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லி எல்லாம் வங்காளதேசத்துக்காரர்கள் விற்பார்கள். சமைக்க முடியாது என்றாலும் அப்பாவுக்குப் பழம், தயிர் வாங்க நல்ல இடம். குடிதண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவில் நிற்கும் இரும்புக் குழாய்கள் ரோம் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன, ஓயாமல் ஊற்றும், குடிக்க நல்ல தண்ணீர். குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளையில் தண்ணீர் வளைந்து எழும், வாயை வைத்துக் குடிக்கலாம்.

விமான நிலையம்: ஃபியூமிச்சினோவிலிருந்து தெர்மினிக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ, மூன்று பேருக்கு 42. நகராட்சி டாக்சிக்கு, நகரைச் சுற்றிய பழைய அவுரேலியன் மதிலுக்குள் எங்கே இறங்கினாலும் பெட்டிகளோடு சேர்த்து ஒரே கட்டணம், 55 யூரோ. தெர்மினி அந்த மதிலுக்குள்தான். 13 யூரோ அதிகத்துக்கு ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம் என்றால் அம்மாவின் காலுக்காக நான் யோசிக்கவே மாட்டேன். வெள்ளை நிற டாக்சி, கதவில் ரோம் நகராட்சிச் சின்னம் இருக்க வேண்டும், வரிசையில் நின்றே ஏறுங்கள், உள்ளே வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவரிடம் போகாதீர்கள்.

பலெர்மோத் தமிழன்:

ரக்சிதான் சரி. ஏறும்போதே 55 என்று ஒருக்கால் சொல்லிவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு ரயிலோ விமானமோ என்றால் கவனம். நவம்பர் 1 அரச விடுமுறை, அந்த வார இறுதியில் அறை விலை ஏறும், அதற்கு முன் திரும்பப் பாருங்கள்.

பூவரசு:

எல்லோருக்கும் நன்றி. ஹோட்டலுக்கு அழைத்துப் பேசினேன். கார்டு செய்தி அவர்கள் அனுப்பியது இல்லை, இந்த வாரம் இப்படிக் கேட்டு அழைத்தவர்களில் நான் முதல் ஆள் இல்லையாம். மின்னஞ்சலில் மற்ற கேள்விகளையும் வரிசையாகப் போட்டேன், இன்று காலை பதில் வந்தது. அறை அதே மாடியில், முற்றத்துப் பக்கம், துணைக் கட்டடம் எதுவும் கிடையாது. பிடே இருக்கிறது. காலை உணவு வேண்டாம் என்றால் 12 யூரோ குறைக்கிறார்கள், குறைத்துவிட்டேன். லிஃப்ட் மட்டும் நடைவண்டி சொன்னபடியேதான், வாசலிலிருந்து ஒன்பது படி ஏற வேண்டும். கன்னியர் இல்லங்கள் இரண்டுக்கு எழுதிப் பார்த்தேன், ஒன்றில் இடம் இல்லை, இன்னொன்றிலிருந்து பதில் இல்லை. ஒன்பது படி என்றால் அம்மா மெதுவாக ஏறிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

வடகிழக்கு:

ஏறுவது இருக்கட்டும், முழங்கால்காரர்களுக்கு இறங்குவதுதான் கஷ்டம். அந்தப் படியில் கைப்பிடி இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பளிங்குப் படி, பழைய கட்டடத்தில் நடுவில் தேய்ந்து வழுக்கும்.

பூவரசு:

கேட்டுவிட்டேன். இறங்கும்போது வலது கைப்பக்கம் இரும்புக் கைப்பிடி இருக்கிறதாம், படமும் அனுப்பியிருக்கிறார்கள். பதிவு செய்கிறேன்.